‘டெட் கேப்’: ஆளில்லாச் சுமை? வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினர்க்கு, வணக்கம்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில், ஓர் அணி வீரர்களின் மொத்த ஊதியத்துக்கு லீக் விதிக்கும் எல்லையான ‘சேலரி கேப்’ என்பதற்கு ‘ஊதிய உச்சவரம்பு’ என்று முடிவாகிவிட்டது. நில உச்சவரம்பு பழகிய காதுக்கு அது இடறாது. ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வருவது, அதாவது ஒரு வீரருக்காக அந்த வரம்பில் ஆண்டுதோறும் ஏறுவது ‘வரம்புச் சுமை’, அதிலும் மறுப்பில்லை. நிற்பது ‘டெட் கேப்’. வீரர் போன பிறகும் அணியின் கணக்கில் ஏறும் தொகை அது. ‘இறந்த வரம்பு’ வேண்டாம். அங்கே வரம்பு இறக்கவில்லை. ‘நிலுவை’ என்று வைக்கலாமா?

*

ஐயா, நிலுவை என்றால் கொடுக்க வேண்டிய பணம். இது அதுவல்ல. மினசோட்டா வைல்ட் அணியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

2012 ஜூலையில் ஸாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவருக்கும் தலா 13 ஆண்டு, 9.8 கோடி டாலர். ஆண்டுச் சுமை 75,38,462. ஆனால் சம்பளம் முன் ஆண்டுகளில் கூட்டியும் பின் ஆண்டுகளில் குறைத்தும் எழுதப்பட்டது. 2021 ஜூலையில் ஒப்பந்தத்தை இடையில் முடித்து (‘பைஅவுட்’) இருவரையும் விலக்கியபோது, ஒவ்வொருவருக்கும் சம்பளம் மீதம் நான்கு ஆண்டு: 60, 20, 10, 10 லட்சம், ஆக 1 கோடி. 26 வயது நிரம்பியவருக்கு மீதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீத ஆண்டுகளின் இரு மடங்குக் காலத்தில் பிரித்துத் தர வேண்டும். எனவே ஒவ்வொருவருக்கும் 8 ஆண்டு, ஆண்டுக்கு 8,33,333. நிலுவை என்ற சொல் இந்தத் தொகைக்கே பொருந்தும்.

வரம்பில் ஏறுவது வேறு. அந்த ஆண்டுக்குரிய பழைய சம்பளத்தில் இந்த 8,33,333 போக அணிக்கு எவ்வளவு மிச்சமோ, அதைப் பழைய சுமையிலிருந்து கழிக்க வேண்டும். முதல் ஆண்டு மிச்சம் 51.67 லட்சம்; ஏறியது 23.72 லட்சம். இரண்டாம் ஆண்டு மிச்சம் 11.67 லட்சம், ஏறியது 63.72. அடுத்த இரண்டு ஆண்டும் மிச்சம் வெறும் 1.67, ஏறியது 73.72. கையை விட்டுப் போகும் பணம் மாறவே இல்லை, சுமை மட்டும் மும்மடங்கானது.

2022-23இல் வரம்பு 8.25 கோடி. அதில் இந்த இருவருக்கே 1.27 கோடி. எஞ்சிய 7 கோடிக்கும் குறைவான தொகையில் 23 பேர் வரை கொண்ட அணியைக் கட்ட வேண்டும். அதனால்தான் முந்தைய பருவத்தில் 85 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த கெவின் ஃபியாலாவுக்குப் புது ஒப்பந்தம் போட முடியாமல், மேலாளர் பில் கெரின் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றி, ப்ராக் ஃபேபர் என்ற வீரரையும், இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமை ஒன்றையும் வாங்கினார். ஆளில்லாத சுமைதான் ஆளை வெளியே தள்ளியது. ஆகவே ‘ஆளில்லாச் சுமை’ என்கிறேன்.

*

‘ஆளில்லா விமானம்’, ‘ஆளில்லா லெவல் கிராசிங்’ எல்லாம் இருக்கின்றன. அவற்றில் இயக்கவோ காவல் காக்கவோ ஆள் இல்லை என்று பொருள். குழப்பம் வராதா? ‘வெற்றுச் சுமை’ எப்படி?

*

வெற்று என்றால் எடையே இல்லாதது போலாகிவிடும். எடைதான் இங்கே முழுப் பிரச்சினையும். ஆளில்லா என்பதைக் காப்போம், அம்மா. அது எல்லை வகுக்கவும் உதவுகிறது.

வீரரை வேறு அணிக்கு அனுப்பும்போது சுமையில் பாதி வரை பழைய அணி ஏற்கலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மட்டும். ஆள் அங்கே, சுமை இங்கே. எனவே இதுவும் ஆளில்லாச் சுமையே.

கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்பட்டவர் கதை வேறு. என்.எச்.எல். குறைந்தபட்சச் சம்பளத்தோடு 3,75,000 சேர்த்த அளவைத்தான் அவருடைய சுமையிலிருந்து கழிக்கலாம். 2023-24இல் அது 11.5 லட்சம். அதற்கு மேற்பட்டது வரம்பில் நிற்கும். ஆனாலும் அவர் நம் ஆள், திரும்ப அழைக்கலாம். பத்திரிகைகள் இதையும் ‘டெட் கேப்’ என்று எழுதுவதுண்டு. நம் பட்டியலில் ‘இறக்கச் சுமை’ என்று பிரித்து வைப்பது நல்லது. நீண்டகாலக் காயப் பட்டியலில் இருப்பவரையும் இதில் சேர்க்கக் கூடாது. 10 ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாதவருக்கு அது. அணி வரம்பைத் தாண்ட இடம் கிடைக்குமே தவிர, ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது.

*

ஏற்கிறேன். ‘பைஅவுட்’டுக்கு ‘கணக்குத்தீர்ப்பு’ என்று முன்பு எழுதியிருந்தோம். தீர்ப்பு என்றதும் நீதிமன்றம் வந்து நிற்கிறது. ‘கணக்குமுடிப்பு’ என்று மாற்றுகிறேன். பதிவு இப்படி:

ஆளில்லாச் சுமை (பெ.): கணக்குமுடிப்பாலோ, சுமைப் பங்கேற்றுச் செய்த வீரர் மாற்றத்தாலோ, அணியில் இல்லாத வீரருக்காக ஊதிய உச்சவரம்பில் ஏறும் தொகை. ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். வழங்கும் பணத்துக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை.

ஒற்று மிகும்: ஆளில்லாச் சுமை. விட்டு எழுதியவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.