மானுக்கு வாழைப்பழம் கொடுக்கிற சாட்டு

குழு: கோணமலைக் குடும்பம்
வெள்ளிக்கிழமை

மாலை 4:12

மாமி: எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். இவர் இன்று கோணேசர் கோயிலில் தலைசுற்றி விழப் பார்த்தார். மத்தியானப் பூசை முடிந்து எழும்பும்போது அவர் தூணைப் பிடித்தார், நான் அவரது வேட்டியைப் பிடித்தேன். இப்போது சாய்மனைக் கதிரையில் இருந்து எங்கள் எல்லாரையும் ஏசிக்கொண்டிருக்கிறார்.

அம்மா: ஐயோ! அண்ணா, இப்போது எப்படி இருக்கிறது?

பெரிய மாமா: ஒன்றுமில்லை. வெயில். இவள் ஊருக்கெல்லாம் ஒலிபரப்புவாள் என்று எனக்குத் தெரியும்.

கனடா அண்ணா: மாமா, பிரஷர் பார்த்தீர்களா?

பெரிய மாமா: பார்த்தாயிற்று. மெசின் 168 / 64 என்கிறது. எனக்கு வயது 74. நூறோடு வயதைக் கூட்டினால் 174. இன்னும் 6 மிச்சம் இருக்கிறது.

குட்டித் தம்பி: மாமா, இது டேட்டா இல்லை, மிச்சம் பார்க்க.

உவர்மலைச் சித்தி: அண்ணா, அந்த ‘நூறும் வயதும்’ கணக்கை நான் தாதியாகச் சேர்ந்த காலத்திலேயே வார்டில் இருந்த வயோதிபர்கள் சொல்லுவார்கள். வயது போகப் பிரஷர் ஏறுவது பலருக்கு நடக்கிறதுதான். அதனால் பாதகமில்லை என்று ஆகிவிடுமா? பல் விழுவதும் நடக்கிறதுதான், அதற்காக யாரும் சந்தோஷமாக முறுக்குக் கடிப்பதில்லை.

பெரிய மாமா: கீழ் இலக்கத்தைப் பார். 64. இளந்தாரிக்கு இருக்கிற மாதிரி. அதற்கு என்ன சொல்லுகிறாய்?

உவர்மலைச் சித்தி: அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 168இல் 64 போனால் 104. அந்த இடைவெளி 40 அளவில் இருக்க வேண்டும். 50, 55 வயதுவரை இரண்டு இலக்கமும் சேர்ந்துதான் ஏறும். அதற்குப் பிறகு மேலது ஏற ஏற, கீழது இறங்கத் தொடங்கும். கீழது இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீங்கோ. நாடி, அதாவது இரத்தக் குழாய், இறுகிவிட்டது என்று சொல்லுகிற இலக்கம் அது.

குட்டித் தம்பி: எங்களுக்கு உயர்தர உயிரியலில் இது வந்தது. இதயத்தில் இருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்தான் தொகுதிப் பெருநாடி. அதன் சுவரில் எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது, றப்பர் மாதிரி இழுபட்டுச் சுருங்கும். சின்ன வயதில் உண்டாவதோடு சரி, பிறகு புதிதாக உருவாவது மிகவும் குறைவு. இதயம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் தரம் அடிக்கிறது. மாமாவின் 74 வருடத்துக்குக் கணக்குப் போட்டேன், 270 கோடி தரம். அவ்வளவு தரம் இழுபட்டு நார் பிய்ந்துபோகும், அந்த இடத்தில் கொலாஜன் கூடும். அது இழுபடாது.

அம்மா: புத்தகத்தை எடு என்றால் எடுக்க மாட்டான். இங்கே வந்து வகுப்பு எடுக்கிறான்.

பெரிய மாமா: இரு தங்கச்சி, அவன் சொல்லட்டும். குழாய் இறுகினால் இரண்டு இலக்கமும் அல்லவா கூட வேண்டும்? கீழது ஏன் குறைகிறது?

உவர்மலைச் சித்தி: நல்ல கேள்வி. இதயம் ஒரு அடி அடித்ததும் வருகிற இரத்தம் முழுக்க உடனே உடம்புக்குப் போய்விடாது. பெருநாடி விரிந்து ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்து வைக்கும். இதயம் இளகி ஓய்கிற நேரத்தில் பெருநாடி சுருங்கி, பிடித்து வைத்ததை முன்னால் தள்ளும். கீழ் இலக்கம் அந்த ஓய்வு நேரத்தில் இருக்கிற அழுத்தம். நாடி விரியாவிட்டால் எல்லாம் ஒரே அடியில் பாய்ந்துவிடும், மேலது ஏறும். ஓய்வு நேரத்தில் தள்ளுவதற்குப் பிடித்து வைத்தது குறைவு, கீழது இறங்கும். அந்த ஒரே அடி மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற மெல்லிய குழாய்களில் போய் விழும்.

(இருபது நிமிடம் குழுவில் சத்தமே இல்லை.)

மாலை 4:51

பெரிய மாமா: எங்கள் இன்ஜின் வள்ளத்தில் எண்ணெய்க் குழாய்க்கு நடுவில் ஒரு றப்பர் உருண்டை இருக்கும். இன்ஜின் இழுக்க முதல் கையால் அமத்த வேண்டும். புதிதில் அமத்தினால் துள்ளி எழும்பும். இரண்டு மூன்று வருட வெயிலும் உப்புக் காற்றும் பட்ட பிறகு அமத்தினால் அமந்தபடியே கிடக்கும். பிறகு இன்ஜின் இருமும். அதைத்தானே சொல்லுகிறாய்?

உவர்மலைச் சித்தி: அதேதான். இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒரு உதாரணம் வரவில்லை.

மாமி: இவர் இருமுவதையும் சொல்லுகிறேன். கோட்டை வாசலில் இருந்து மேலே நடக்கும்போது, மான்கள் நிற்கிற இடத்தில் நிற்பார். பையில் இருந்து வாழைப்பழத்தை எடுப்பார். மூச்சு அடங்கும்வரை மெல்ல மெல்ல உரிப்பார். மானே பொறுமை கெட்டுப் போய்விடும்.

பெரிய மாமா: மான் வாயில்லாப் பிராணி.

கனடா அண்ணா: நாங்கள் சின்னனாக இருக்கும்போது மாமா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஏற்றம் முழுக்க ஏறினார். எங்கும் நின்றதாக நினைவில்லை.

உவர்மலைச் சித்தி: அதற்கும் காரணம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அடிக்கிற வேகம் வயதோடு பெரிதாக மாறாது. ஏற்றம் ஏறும்போது எவ்வளவு கூட்ட முடியும் என்பதுதான் குறையும். 220இல் வயதைக் கழித்தால் வருவது உச்சவேகம், குத்துமதிப்பாக. 24 வயதில் 196, 74 வயதில் 146. அதோடு, இறுகின நாடிக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இடது இதயவறைச் சுவர் தடிக்கும். தடித்த சுவர் இளகச் சுணங்கும், நிரம்பவும் சுணங்கும். ஆனால் அண்ணா, மூச்சு வாங்குவது எல்லாம் வயது என்று விடவும் கூடாது. வால்வில் கல்சியம் படிந்து ஒடுங்கினாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், தலையும் சுற்றும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தம் கேட்கும். நாளை காலை டொக்டரிடம் போய் ஒரு ஈசிஜியும் எடுங்கோ.

அம்மா: ஒரு வீடியோ வந்தது, பூண்டுப் பால் 21 நாள் குடித்தால் நாடி இளகுமாம். அனுப்பவா?

உவர்மலைச் சித்தி: அக்கா, பூண்டை ரசத்தில் போடுங்கோ. பிள்ளை, நீ ஒருக்கால் போய் அண்ணாவுக்குத் திரும்ப பிரஷர் பார்த்துச் சொல்லு. எனக்கு அந்த 168இல் நம்பிக்கை இல்லை.

நான்: போகிறேன் சித்தி. எதிர் ஒழுங்கைதானே.

மாலை 5:34

நான்: வந்துவிட்டேன். நான் வரும்போது மாமா கால்மேல் கால் போட்டு, தேநீர்க் கோப்பையோடு, தொலைக்காட்சியில் அரசியல் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டி சட்டைக் கைக்கு மேல் சுற்றியிருந்தது. 168 வந்தபோதும் இப்படித்தான் பார்த்தாராம்.

உவர்மலைச் சித்தி: எதிர்பார்த்தேன். தேநீர் குடித்து அரை மணித்தியாலம் போகட்டும். சலம் போய்விட்டு வரச் சொல்லு. முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில், கை இதயத்தின் மட்டத்தில். ஐந்து நிமிடம் கதைக்கக் கூடாது.

மாமி: கடைசிதான் கஷ்டம்.

மாலை 6:15

நான்: 154 / 66. மணிக்கட்டில் நாடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன், 66. இடையில் தவறவில்லை, ஒரே சீர்.

உவர்மலைச் சித்தி: நாடி சீராக இருப்பது நல்லது. இப்போது எழுப்பி நிற்கவை. பக்கத்தில் நீயும் நில். ஒரு நிமிடத்தில் திரும்பப் பார்.

நான்: 126 / 62. லேசாகச் சுற்றுகிறது என்கிறார். இருத்திவிட்டேன்.

உவர்மலைச் சித்தி: பிடித்துவிட்டேன். நின்றதும் மேலது 20க்கு மேல் இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். கழுத்து நாடியில் பிரஷரை வேவு பார்க்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும், அவை உடனே மூளை வழியாக இதயத்துக்குச் சொல்லி வேகத்தைக் கூட்ட வேண்டும். நாடி இறுகினால் அந்தச் செய்தி மந்தமாகும், கேட்கிற இதயமும் மந்தம். இருக்கும்போது பிரஷர் கூடுதல், நிற்கும்போது குறைவு. ஒரே ஆளுக்கு இரண்டும் வரும். ஆனாலும் 154இல் இருந்து 126, 28 இறக்கம் கொஞ்சம் கூடுதல். அண்ணா, காலையில் என்ன குளிசை போட்டீர்கள்?

பெரிய மாமா: வழமையான பிரஷர் குளிசை, லொசார்ட்டன்.

மாமி: எத்தனை என்று கேளுங்கோ மச்சாள்.

பெரிய மாமா: நேற்று மறந்துவிட்டேன். அதையும் சேர்த்துப் போட்டேன். கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

உவர்மலைச் சித்தி: கணக்குப் பிள்ளை! வெள்ளி விரதம், வயிற்றில் ஒன்றுமில்லை, தண்ணீரும் குடித்திருக்க மாட்டீர்கள், அதற்கு மேல் இரண்டு குளிசை. வயது போனால் தாகமும் தெரியாது. மறந்தது மறந்ததாகவே போகட்டும், அடுத்ததை அடுத்த நேரத்துக்கு ஒன்று. நாளைக்குப் போகும்போது இதையும் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இருந்து பார்த்ததும் நின்று பார்த்ததும் எழுதிக்கொண்டு போங்கோ. நீங்களாகக் குளிசையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கனடா அண்ணா: ஒரு விசயம். பிரஷர் ஏறுவது முழுக்க வயதின் குற்றமும் இல்லை. 1988இல் 32 நாடுகளில் நடந்த இன்டர்சால்ட் ஆய்வில் பிரேசில் காட்டில் இருக்கிற யனோமாமி மக்களையும் பார்த்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் உப்புச் சேர்ப்பதில்லை. வயது போகப் போகவும் அவர்களுக்குப் பிரஷர் ஏறவில்லை.

பெரிய மாமா: தம்பி, அவர்களுக்குச் சீலாக் கருவாடு தெரியாது. நிலாவெளியில் உப்பளத்தை வைத்துக்கொண்டு உப்பைக் குறை என்றால் எப்படி?

உவர்மலைச் சித்தி: ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. அதற்குள் பாணில் இருக்கிற உப்பும் சேர்த்தி.

மாமி: மத்தியானச் சோறு மரக்கறிதான். இரவுக்குப் பொரிக்கச் சொல்லிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார்.

கனடா அண்ணா: இங்கே சோடியம் குறைந்த உப்பு விற்கிறார்கள். ஒரு பெட்டி அனுப்பவா?

உவர்மலைச் சித்தி: வேண்டாம் தம்பி. அதில் பொட்டாசியம் இருக்கும். லொசார்ட்டன் போடுகிறவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கனடா அண்ணா: அப்படியென்றால் அந்தக் கருவாட்டை யாராவது வருகிற ஆளிடம் எனக்குக் கொடுத்துவிடுங்கோ.

உவர்மலைச் சித்தி: மச்சாள், இரவைக்கு ஒன்று கவனம். வயதானவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியோடுதான் வரும் என்றில்லை. திடீர் மூச்சுமுட்டல், குளிர் வியர்வை, வயிற்றைப் பிரட்டுதல், காரணமில்லாத களைப்பு, இப்படியும் வரும். வாய் கோணினால், ஒரு பக்கக் கை விழுந்தால் அது வேறு, பக்கவாதம். எதுவாக இருந்தாலும் எனக்கு எடுத்து நேரம் போக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கோ.

மாமி: தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை

காலை 6:20

பெரிய மாமா: 146 / 68. நின்று பார்த்தால் 134. இரவு கருவாடு இல்லை, புட்டும் வாழைப்பழமும். எழும்ப முதல் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் இருந்தேன்.

மாமி: ஒன்றரை நிமிடம். மணிக்கூடு என் கையில்.