பழைய ரிவால்வருக்கு வாங்கிய மரப்பிடி சரியாக அமரவில்லை: எங்கே இழைப்பது?

கேள்வி:
என்னிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பழைய .38 ரிவால்வர் ஒன்று உள்ளது. அந்த நிறுவனம் 'கே' என்று அழைக்கும் நடுத்தர அளவுச் சட்டம் (துப்பாக்கியின் இரும்பு உடல்). வலப்பக்கப் பிடிப்பலகை திருகுத் துளையருகே விரிசல் விட்டதால், வால்நட் மரத்தில் அரைகுறையாகச் செதுக்கப்பட்ட மாற்றுப் பலகைகளை வாங்கினேன். பலகையைச் சட்டத்தின் அடியிலுள்ள இரும்பு முளையில் அமர்த்தினால் மேல்விளிம்பு விலகி நிற்கிறது. மேல்விளிம்பைப் பொருத்தினால் முளை துளைக்குள் இறங்குவதில்லை. முளையைச் சற்று அராவிவிடலாமா?

பதில் 1:
முளையில் அரத்தை வைக்காதீர்கள். மரம் கெட்டால் வேறு பலகை கிடைக்கும். சட்டத்தில் குறைந்த இரும்பு திரும்ப வராது. முதலில் சிலிண்டரைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அடுத்து, உங்கள் சட்டத்தின் அடிப்பகுதி சதுரமானதா உருண்டையானதா என்று பாருங்கள். கே சட்டத்தில் இரண்டு வகையும் உண்டு. ஒன்றுக்கான பலகையை மற்றொன்றில் அமர்த்த எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை.

வகை சரியென்றால், பலகை உட்காரும் இரும்பு விளிம்பில் உதட்டுச்சாயத்தை மிக மெல்லியதாகத் தடவி, பலகையை நேராக வைத்து அழுத்தி எடுங்கள். சாயம் ஒட்டிய இடமே மேடு. அதை மட்டும் கூரிய உளியின் விளிம்பால் சுரண்டிவிட்டு மீண்டும் வைத்துப் பாருங்கள். கறை ஓரிரு புள்ளிகளாக இல்லாமல் விளிம்பு முழுவதும் பரவும்வரை இதையே செய்ய வேண்டியிருக்கும். இங்கே உப்புத்தாள் உதவாது. அது மேட்டோடு பள்ளத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் முளைத்துளையே இடம் மாறியிருந்தால் சுரண்டிப் பயனில்லை. துளையைப் பெரிதாக்குவதைப் பலர் எளிய வழியாகக் கருதுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பலகை அசையாமல் இருப்பதற்காகவே அந்த முளை அங்கே இருக்கிறது. கடினமான மரக்குச்சியைப் பசையிட்டுத் துளையில் அடைத்து, காய்ந்தபின் முளையின் தலையில் சாயம் தொட்டு, அது பதியும் இடத்தில் புதிதாகத் துளையிடுங்கள். பலகையைக் கழற்றும்போது நெம்ப வேண்டாம். திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையில் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானே விலகும்.

பதில் 3:
வெளிப்புறத்தை இழைப்பது கடைசி வேலை. பலகைகளைச் சட்டத்தில் பூட்டிய பிறகே அதைச் செய்ய வேண்டும். தனியே கையில் வைத்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டு, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே அசிங்கமான பள்ளம் விழும். இரும்பின் நீலமெருகு கீறாதபடி ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு, மரம் இரும்பைவிட ஒரு நூலிழை உயர்ந்திருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஆளிவிதை எண்ணெயை உட்புறத்திலும் பூசுங்கள். ஈரம் உள்ளே ஏறினால் பலகை வளையும்.

விரிசல் விட்ட பழைய பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த நிறுவனத்தின் பழைய ரிவால்வர்கள் பலவற்றில் வலப்பக்கப் பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண் பதிக்கப்பட்டிருக்கும். அது சட்டத்தின் எண்ணோடு ஒத்தால் சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு.

கேள்வி கேட்டவர்:
அடிப்பகுதி சதுரம்தான்; பலகையும் அதே வகை. சாயம் தடவிப் பார்த்ததில் பின்பக்க மேல்வளைவில் மட்டுமே கறை ஒட்டியது. அங்கே சுரண்டியதும் முளை தன் துளைக்குள் இறங்கிவிட்டது. துளையை அடைக்கத் தேவைப்படவில்லை. பழைய பலகையின் உட்புறத்தில் எண் இருக்கிறது, சட்டத்தின் எண்ணும் அதுவே.