டிஜிட்டல் புரொஜெக்டருக்காகக் கேபின் சுவரின் துவாரத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

கேட்டவர் (திரையரங்கு மேலாளர்):
வணக்கம். 35 மி.மீ. படச்சுருள் ஓடிய காலத்துக் கேபினிலேயே (படம் ஓட்டும் அறை) இப்போது டிஜிட்டல் புரொஜெக்டரை வைத்திருக்கிறோம். ஒளி அரங்குக்குள் போகும் பழைய துவாரம் 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். சுவர் பூச்சோடு சேர்த்து 25 செ.மீ. தடிமன், லென்ஸிலிருந்து சுவர் வரை 40 செ.மீ. லென்ஸின் முன்கண்ணாடி 12 செ.மீ. விட்டம் கொண்டது. திரைக்கு 90 அடி தூரம். ஸ்கோப் எனப்படும் மிக அகலமான வகைப் படத்தின் அகலம் 36 அடி. புரொஜெக்டர் ஏறத்தாழ 8 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

அகலம் குறைந்த பிளாட் வகைப் படங்களில் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்கோப் படம் ஓடும்போது இரண்டு ஓரங்களும், முக்கியமாகக் கீழ்மூலைகளும், மங்கிவிடுகின்றன. விளக்கு பழையது என்று சொன்னார்கள். புதிது போட்ட பிறகும் மங்கல் அப்படியே இருக்கிறது. வெள்ளை எழுத்துகளுக்குப் பக்கத்தில் மெல்லிய நிழலெழுத்தும் தெரிகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியைத்தான், லென்ஸுக்கு நேர்முகமாக இருக்கும்படி சாய்த்து ஆசாரி பொருத்தியிருக்கிறார். சுவரை ஒரே முறைதான் இடிக்க முடியும்; அளவு சொல்லி உதவுங்கள்.

மறுமொழி (புரொஜெக்டர் நிறுவும் தொழில்நுட்பர்):
வணக்கம் ஐயா. விளக்கின் மீது குறையில்லை, துவாரத்தின் விளிம்புதான் ஒளியை வெட்டுகிறது. துவாரம் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு திரையில் கூர்மையான கோடாக விழாது. புகை படிந்ததுபோல் மெல்ல மங்கும். அதனாலேயே பலரும் விளக்கையும் லென்ஸையும் சந்தேகித்துப் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

அளவை ஒளிக்கற்றைதான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் சுவரின் அரங்குப் பக்க முகத்தில், கற்றை மிகவும் விரிந்திருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும். 90 அடிக்கு 36 அடி விரிகிறது என்றால், இரண்டரை செ.மீ. தூரத்துக்கு ஒரு செ.மீ. விரிகிறது. லென்ஸிலிருந்து அந்த முகம் வரை 40-உம் 25-உம் சேர்த்து 65 செ.மீ.; விரிவு 26, லென்ஸின் விட்டம் 12, ஆக 38 செ.மீ. அகலம் வேண்டும். உங்களிடம் இருப்பது 30. ஸ்கோப் படத்தின் உயரம் சுமார் 15 அடி என்பதால் உயரத்தில் விரிவு 11, லென்ஸ் 12, ஆக 23 செ.மீ. போதும் என்று தோன்றும். ஆனால் சாய்வினால் கற்றை சுவரைக் கடப்பதற்குள் மூன்றரை செ.மீ. இறங்கிவிடுகிறது, துவாரமோ மட்டமாகக் குடையப்பட்டிருக்கிறது. கீழ்மூலைகள் முதலில் மங்குவதற்கு அதுவே காரணம். லென்ஸைத் தாண்டிய ஒளி தலைகீழாவதில்லை. திரையில் கீழே மங்கினால் துவாரத்தின் கீழ்விளிம்பைப் பாருங்கள்.

நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வைத்தால் 48 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம் வரும்; உயரத்தைச் சற்றுத் தாராளமாக 35 செ.மீ. வைக்கலாம், கீழ்விளிம்பை அரங்கின் பக்கம் சரிவாக இறக்குங்கள். இதைவிடப் பெரிதாக்கினால் மின்விசிறிச் சத்தம் அரங்குக்குள் கேட்கும். இரட்டைக் கற்றையாக ஒளியைப் பிரிக்கும் 3டி கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், அதன் வரைபடத்தைப் பெற்ற பிறகே இடியுங்கள். கற்றைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போவதால் உயரம் இன்னும் தேவைப்படும்.

நிழலெழுத்துக்குக் காரணம் கண்ணாடி. சாதாரண கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நேர்முகமாக வைத்ததால் அது லென்ஸுக்குள்ளேயே திரும்பி, மறுபடியும் திரைக்குப் போகிறது. இரும்புச் சத்துக் குறைந்த, இருபுறமும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடியை வாங்கிச் செங்குத்தாகவே பொருத்துங்கள். உங்கள் 8 பாகைச் சாய்வு பிரதிபலிப்பை லென்ஸுக்குக் கீழே தள்ளிவிடும். டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கிய) கண்ணாடி வேண்டவே வேண்டாம். அதன் உள்ளிறுக்கம் 3டி ஒளியின் துருவமுனைப்பை, அதாவது இரு கண்களுக்கான படங்களைப் பிரித்துக் காட்ட உதவும் ஒளியலையின் ஒழுங்கை, கெடுக்கும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர்):
தம்பி, கணக்கு சரிதான். அதை ஒருமுறை கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கை முழுவதும் அணைத்துவிட்டுக் கேபின் லைட்டை மட்டும் போட்டு, திரையின் கீழ்மூலையில் நின்று பைனாகுலரில் லென்ஸைப் பாருங்கள். முன்கண்ணாடி முழு வட்டமாகத் தெரிய வேண்டும்; பிறைபோல் தெரிந்தால் சுவர் மறைக்கிறது. விளக்கு எரியும்போது அந்தப் பக்கம் கண்ணை வைக்கவே கூடாது.

பழைய துவாரங்களில் தீத்தடுப்பு ஷட்டருக்கான இரும்புச் சட்டம் பூச்சுக்குள் மறைந்திருக்கும். நைட்ரேட் படச்சுருள் தீப்பிடித்தால் கேபினை மூடுவதற்காக வைத்தது. கொத்தனார் அதைத் தெரியாமல் அறுக்கப் போகிறார், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே லிண்டல் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். திரையரங்கு உரிமம் 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் அலுவலகம் தருவது. கட்டடத்தில் கை வைக்குமுன் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பார்த்தேன். இடது கீழ்மூலையிலிருந்து லென்ஸ் முக்கால் வட்டமாகத்தான் தெரிந்தது. அனுமதி பெற்றபின் பூச்சைத் தட்டியபோது இரும்புச் சட்டமும் இருந்தது. அதைக் கழற்றிப் புதிய அளவுக்கு ஷட்டரோடு செய்து மாட்டியிருக்கிறோம். 48-க்கு 35 வைத்து, நேற்றிரவு வெள்ளைச் சட்டகத்தைப் போட்டுச் சுவரோரம் வெள்ளை அட்டை பிடித்துப் பார்த்தேன். பூச்சில் எங்கும் ஒளி விழவில்லை, நாலு மூலைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. கண்ணாடி அடுத்த வாரம் வருகிறது. லேசான பச்சைச் சாயல் கொண்ட பழைய ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்த வண்ண அளவீட்டை அதன்பின் மறுபடியும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.