வியர்வைச் சுரப்பிகள்: ஒரு சந்தேகம், உயிரியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பத்தாவது படிக்கும் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

வியர்வைச் சுரப்பியில் எக்ரைன், அபோகிரைன் என்று முக்கியமாக இரண்டு வகை. அதில் எக்ரைன் சுரப்பி புரிகிறது. உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வரை இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் நெருக்கமாக இருக்கும். தோலின் மேற்பரப்பிலேயே நேராகத் திறக்கும். சுரப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு, துளி யூரியா. சுரப்பியின் அடியில் இருக்கும் சுருளில் ஊறும்போது உப்பு அதிகம். குழாய் வழியாக மேலே வரும்போது பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. வேகமாக வியர்த்தால் அதற்கு நேரம் போதாது, அதனால் கரிப்பு கூடுகிறது. (இது தெரிந்ததில் எனக்கே சந்தோஷம்!)

அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள அபோகிரைன் மயிர்க்காலுக்குள் திறக்கிறது, பருவ வயதில்தான் வேலையைத் தொடங்குகிறது. கொழுப்பும் புரதமும் கலந்த, சற்றுக் கெட்டியான சுரப்பு. அதற்கென்று நாற்றம் கிடையாது, பாக்டீரியா சிதைத்த பிறகுதான் வாடை.

சரி, சந்தேகம் இதுதான். செல்லின் நுனிப்பகுதி பிய்ந்து சுரப்போடு வருவதால்தான் அபோகிரைன் என்று பெயர் என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்றோ, செல் உடையாமலே சுரக்கிறது என்கிறது. தேர்வில் எதை எழுதச் சொல்வது? அப்புறம், காதுக் குடைவில் குறும்பிக்குப் பங்களிக்கும் சுரப்பியையும் வியர்வைச் சுரப்பி வகையில் சேர்க்கலாமா? படம் வரைந்து விளக்கினால் இன்னும் நல்லது.