மின்வெட்டில் உப்புநீர் மீன்தொட்டி: ஜெனரேட்டர் கட்டாயமா, காற்றுப் பம்பு போதுமா?

கடல்நுரை:
2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு புயல்களிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுத்த புயலும் வரத்தான் போகிறது. உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் பம்பு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) அனைத்தையும் இயக்கக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும். மின்சாரம் திரும்பியதும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் உடனே ஓடவிட வேண்டும். "சின்னக் காற்றுப் பம்பு போதும்" என்று புதியவர்களிடம் சொல்வது மீன்களைக் கொல்லும் அறிவுரை.

முத்துச்சிப்பி:
இரண்டையுமே மறுக்கிறேன், நண்பரே. மின்சாரம் போனால் மீன் முதலில் தவிப்பது ஆக்சிஜனுக்கு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரால் 7 மில்லிகிராம்கூட முடியாது. அந்தக் கொஞ்சத்தை மீன் மட்டுமா உறிஞ்சுகிறது? பாறையிலும் மணலிலும் இருக்கும் பாக்டீரியாவும் உறிஞ்சுகிறது. விளக்கு அணைந்துவிட்டதால் பாசியும் ஆக்சிஜன் தருவதில்லை. ஆகவே நீரின் மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிம்மர் சில நாள் நின்றால் எந்த மீனும் சாகாது. உணவை நிறுத்திவிட்டால் கழிவும் குறையும். நலமாக இருக்கும் மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும்.

இனி கணக்கு. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் 900. பத்து வாட் டி.சி. பம்பை நேராக அந்தப் பேட்டரியில் இணைத்தால் 90 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இது வெகுவாகக் குறைந்துவிடும், ஏனென்றால் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே பத்துப் பதினைந்து வாட்டைத் தின்றுவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்பு இரைச்சலிட்டுச் சூடேறுவதையும் பார்த்திருப்பீர்கள்.

மடிப்பாக்கத்தான்:
பேட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தரைத்தளத்தில் முழங்கால் உயரத் தண்ணீர் நின்றபோது முதலில் மூழ்கியது எங்கள் இன்வெர்ட்டர்தான். அன்றிரவு முழுவதும் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். கோமாளி மீன்கள் பிழைத்தன, டாங் என்ற மீன் பிழைக்கவில்லை. பேட்டரியைப் பரணில் வையுங்கள்.

கடல்நுரை:
முத்துச்சிப்பி டிசம்பரை மட்டும் நினைத்துப் பேசுகிறார். புயல் மழையில் அறை 25 டிகிரியில் இருக்கும், சில்லர் தேவைப்படாது, சரி. மே மாதத்தில் மின்மாற்றி எரிந்து ஒரு பகல், ஓர் இரவு மின்சாரம் இல்லாவிட்டால்? தொட்டி 32 டிகிரியைத் தாண்டும். நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் இன்னும் குறையும், மீனின் மூச்சுத் தேவையோ கூடும். உங்கள் காற்றுப் பம்பு அந்த வெந்நீரில் என்ன செய்யும்?

முத்துச்சிப்பி:
மூடிய பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து ஒவ்வொன்றாக மிதக்கவிடலாம். தொட்டியின் மூடியைத் திறந்து விடுங்கள், நீர் ஆவியாகும்போது சூடும் குறையும். சில்லருக்கு இது முழு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரத்தை நம்புவதுதான் ஆபத்து. 2005-இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரிய மீன்காட்சியகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டடம் புயலைத் தாங்கிவிட்டது. அவசர ஜெனரேட்டர் நின்றுபோனதால் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

கடல்நுரை:
அது ஜெனரேட்டர் வேண்டாம் என்பதற்கா சான்று? இரண்டாவது ஜெனரேட்டர் வேண்டும் என்பதற்கல்லவா!

மருத்துவர் மகள்:
ஜெனரேட்டர் வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்குப் பயந்து அதை வீட்டுக்குள்ளோ கதவடைத்த பால்கனியிலோ ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொன்றுவிடும்.

முத்துச்சிப்பி:
அதை அனைவரும் கவனியுங்கள், தயவுசெய்து.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்கு வருகிறேன். கடல்நுரை ஐயாவுடன் எனக்குப் பெரிய முரண்பாடு அங்கேதான். நீரோட்டம் நின்ற தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். இறங்கும். 8.2-இல் இருந்தது 7.6-க்கு வந்துவிட்டது என்று வைப்போம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். தாழ்ந்திருப்பதால் அதில் பெரும்பகுதி நச்சு குறைந்த வடிவில் கிடக்கும். நீங்கள் பாதித் தண்ணீரை மாற்றி, எல்லாப் பம்புகளையும் ஓட்டி, பி.எச்.-ஐ ஒரேயடியாக 8.2-க்கு ஏற்றுகிறீர்கள். மொத்த அம்மோனியா பாதியாகிவிட்டது, உண்மை. ஆனால் அதில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. ஆகமொத்தம் மீனைத் தாக்கும் நஞ்சு இரட்டிப்பு. இருட்டில் பிழைத்த மீன் விளக்கு வந்த பிறகு சாவது இதனால்தான்.

புதுத்தொட்டி:
அப்படியானால் காற்றையே தரக் கூடாதா, அக்கா?

முத்துச்சிப்பி:
காற்றை எந்த நேரத்திலும் நிறுத்தாதே, தம்பி. அம்மோனியாவைப் பிணைக்கும் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் முதலில் ஊற்று. பிறகு நீரோட்டத்தைக் கூட்டு. அம்மோனியாவைச் சோதித்துப் பார்த்துப் பத்து, பதினைந்து விழுக்காடாக நீர் மாற்று. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் (நீரை அடைத்த கலத்துக்குள் செலுத்தி வடிகட்டும் கருவி) இருந்தால் அதை அப்படியே இயக்கிவிடாதே. சில மணி நேரத்திலேயே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கியிருக்கலாம். அந்த நீரைக் கொட்டி, உள்ளிருப்பதைக் கடல்நீரில் அலசிவிட்டு மாட்டு. மணலைக் கிளறாதே. செத்ததை உடனே எடுத்துவிடு, பாறை இடுக்குகளையும் பார்.

கடல்நுரை:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வந்துவிட்டால் பத்து விழுக்காடு நீர் மாற்றம் எதற்கும் ஆகாது. அது ஹைட்ரஜன் சல்பைடு. அப்போது மணிக்கணக்கில் மருந்து ஊற்றிக் காத்திருக்கச் சொல்வீர்களா?

முத்துச்சிப்பி:
மாட்டேன். அந்த நிலையில் மீன்களை அந்தத் தொட்டியிலிருந்தே எடுத்துவிட வேண்டும். காற்றுக் கல் (காற்றுப் பம்பின் காற்றைக் குமிழிகளாக்கும் கல்) போட்ட வாளி, புதிய கடல்நீர், அதே வெப்பம், அதே உப்பளவு.

கடல்நுரை:
அந்தப் புதிய கடல்நீர் எங்கிருந்து வரும்? உப்பைக் கரைத்துச் சில மணி நேரமாவது பம்பால் கலக்கினால்தான் பயன்படுத்த முடியும், அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு டிரம் கரைத்து மூடி வையுங்கள். மின்சாரம் நிற்கும்போது மேல்தொட்டியின் நீர் குழாய் வழியே சம்ப்புக்கு (கீழே உள்ள துணைத் தொட்டிக்கு) இறங்கும், அதற்கு இடமிருக்கிறதா என்று பம்பை நிறுத்திப் பாருங்கள். இந்த இரண்டிலும் நமக்குள் வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். மே மாதத்துக்கு ஐஸ் பாட்டில் போதும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மின்சாரமில்லாத வீட்டில் அடுத்த நாள் பாட்டிலை எந்தக் குளிர்பெட்டியில் உறையவைப்பீர்கள்?