35 சதவீதம் என்றால் எந்த 35? டர்பனில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சண்டை

கதிர்_டர்பன்:
போன வாரக் கதை இது. பழைய போலோ கார் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வாங்கும்போதே முன்கண்ணாடி தவிர மற்றதெல்லாம் ஃபிலிம் ஒட்டிய நல்ல கறுப்பு. உம்லங்கா பக்கம் போக்குவரத்து அதிகாரி ஓரங்கட்டச் சொன்னார். சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி. பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி, அதன் இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி வைத்தார். கண்ணாடி வழியாக 24 சதவீத வெளிச்சம்தான் போகிறது என்று காட்டியது. 35 இருக்க வேண்டுமாம். கையில் அபராதச் சீட்டு.

வண்டியை விற்றவர் கொடுத்த பில்லில் ‘35 ஃபிலிம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் யார் பொய் சொல்கிறார்கள்? கருவியா, கடையா?

அதை விடுங்கள். ரோபோட்டில் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வண்டி நின்றால் கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற நாட்டில், ‘உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும்’ என்று சட்டம் போட்டால் அது யாருக்கு உதவி? நான் பிய்க்கப்போவதில்லை. அபராதம் எத்தனை தடவை வருகிறது, பார்க்கிறேன்.

வெருலம்_பேத்தி:
கதிர் அண்ணா, நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் வகுப்பில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது போக வேண்டும், மற்றக் கண்ணாடிகளில் 35. அவ்வளவுதான் கேட்கிறார்கள். 35 என்பதே கொஞ்சம் இருட்டுதான், இங்கிலாந்தில் முன்பக்க ஜன்னலுக்கு 70 கேட்கிறார்கள். இதற்கு மேலும் ஏன் இருட்டு வேண்டும்?

ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடுகிறது. வேலை விட்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். என் ஆயா (பாட்டி) வாரம் இரண்டு நாள் கோவிலுக்கு நடந்தே போவார். ஸ்டாப் போர்டில் நிற்கிற வண்டிக்கு முன்னால் அவர் உடனே இறங்கமாட்டார். டிரைவர் முகத்தைப் பார்ப்பார், டிரைவர் தலையை ஆட்டினால் கால் வைப்பார். உங்கள் வண்டி பக்கவாட்டில் நின்றால் அவர் எதைப் பார்ப்பார்? தன் முகத்தையேதான். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் நடந்து போகிறவர்கள், அது தெரியுமா?

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
தங்கச்சி, உங்கள் ஆயா பகலில் நடக்கிறார். நான் ராத்திரி ஏழு மணி ஷிப்டுக்குத் தனியாக ஓட்டிப் போகிறேன். ஃபீனிக்ஸிலிருந்து வரும் வழியில் எத்தனை ரோபோட் என்று எண்ணிப் பாருங்கள். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெட்டிங் காலத்தில் ரோபோட்டும் இருட்டு, தெருவும் இருட்டு.

ஒருமுறை உம்கெனி ரோட்டில் ஒருவன் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு கையையும் கண்ணாடியில் குவித்து வைத்து உள்ளே பார்த்தான். மூக்கு பட்ட இடத்தில் ஆவி படிந்தது, அதுகூட நினைவிருக்கிறது. நான் மூச்சே விடவில்லை. உள்ளே இருப்பது ஒரு பெண்ணா, நாலு ஆணா என்று அவனுக்குத் தெரியவில்லை, போய்விட்டான். அந்தக் கறுப்புத்தான் என்னைக் காப்பாற்றியது. எனக்கு யாரும் சதவீதம் சொல்லித்தர வேண்டாம்.

ஜோபர்க்_மாமா:
ஊரிலே இந்தச் சண்டையை எப்போதோ முடித்துவிட்டார்கள். 2012 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது, தொழிற்சாலையிலேயே முன்னும் பின்னும் 70, பக்கத்தில் 50 இருக்கிற கண்ணாடிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

கதிர்_டர்பன்:
மாமா, அப்போது நான் சென்னையில் இருந்தேன். போலீஸ்காரர் நடுரோட்டில் நிறுத்தி, அங்கேயே பிளேடு போட்டுக் கிழித்தார். ஆனால் அங்கே பயம் வேறு. கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் ஏதாவது செய்துவிடுவானோ என்று பயந்தார்கள். இங்கே வெளியே நிற்கிறவனைப் பார்த்துப் பயம். இரண்டுக்கும் ஒரே மருந்தா?

ஜோபர்க்_மாமா:
சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு 63 வயது தம்பி. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என் வயதில் போகிறது என்று கண் டாக்டர் சொன்னார். அதிலும் கறுப்பு ஃபிலிம் முக்கால் பங்கை வெட்டினால் மிச்சம் என்ன? போன ஆண்டு மகன் வண்டியை வேன் ரீனன் கணவாயில் மூடுபனியில் ஓட்டினேன். பக்கத்து லேனில் வந்த லாரி விளக்கு கண்ணாடிக்கு நேராக வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

ரீயூனியன் தீவில்கூட, பிரான்ஸ் சட்டம்தானே அங்கேயும், 2017 முதல் முன்பக்க ஜன்னல் 70-க்குக் கீழே போனால் 135 யூரோ அபராதம், லைசென்ஸில் மூன்று புள்ளியும் போகும். இங்கே நமக்கு 35 தாராளம்.

பிலிம்_ஒட்டுபவன்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இனி தாங்காது. பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முதலில் கதிர். கருவியும் பொய் சொல்லவில்லை, பில்லும் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலைக் கண்ணாடியே நூற்றுக்கு நூறு வெளிச்சம் விடாது. லேசாகப் பச்சை ஓடியிருக்கும், 70-இலிருந்து 80 வரை விடும். அதன்மேல் 35 ஃபிலிம் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும். 70-இல் 35 சதவீதம் எவ்வளவு? இருபத்து நாலரை. உங்கள் 24 வந்துவிட்டதா? சட்டம் பார்ப்பது ஃபிலிமை மட்டும் இல்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு விடுகிறது என்பதை. 35-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டுமானால் 50 ஃபிலிம்தான் ஒட்ட வேண்டும். இதைக் கடையில் சொன்னால் வாடிக்கையாளர் ‘என்ன, ஒன்றுமே கறுப்பாக இல்லையே’ என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் பலர் சொல்வதில்லை. நானும் ஆரம்பத்தில் சொன்னதில்லை.

இரண்டாவது, நர்ஸ் அக்கா. கறுப்பு வேறு, உடையாமல் தடுப்பது வேறு. இரண்டையும் ஒரே பேக்கேஜாக விற்று நாங்கள்தான் குழப்பிவிட்டோம். திருடன் கையில் சுத்தியல் இருக்காது. பழைய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்து, நகம் அளவுத் துண்டு ஒன்றை வைத்திருப்பான். அது கண்ணாடியைவிடக் கடினம். பக்கக் கண்ணாடி சூடேற்றிக் குளிர்வித்த ரகம், உள்ளே இழுவிசையைப் பூட்டி வைத்திருக்கும். ஒரு புள்ளியில் கீறல் ஆழமாக விழுந்தால் போதும், முழுசும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும், சத்தம்கூடப் பெரிதாக வராது. 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) தடிமன் ஃபிலிம் அந்தத் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி உடையத்தான் செய்யும், ஆனால் ஓட்டை விழாது. அவன் இன்னும் நாலைந்து தடவை குத்த வேண்டும். அதற்குள் நீங்கள் வண்டியை எடுத்துவிடலாம். இந்த ஃபிலிம் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே கிடைக்கிறது. புற ஊதாக் கதிரையும் அதுவே கிட்டத்தட்ட முழுசாகத் தடுக்கும்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
தம்பி, தெளிவான ஃபிலிம் அடியைத் தாங்கும், புரிகிறது. ஆனால் அடிக்கலாமா வேண்டாமா என்று அவன் முடிவு பண்ணுவது என்னைப் பார்த்த பிறகுதானே? தாங்குவது அப்புறம். அவன் முதலில் வரவே கூடாது என்கிறேன்.

பிலிம்_ஒட்டுபவன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. அவன் தேடுவது பெரும்பாலும் சீட்டில் கிடக்கும் பையையும் போனையும். டிக்கியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். தனியாக இருப்பது தெரிவதைப் பற்றி நீங்கள் சொல்வது வேறு விஷயம், அதில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெருலம்_பேத்தி:
அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. ராத்திரி பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது என்ன செய்வீர்கள்?

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பக்கக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. பார்க்கிங்கில் வண்டிகளைக் காவல் பார்க்கும் கார் கார்டு கைகாட்டுவார், அவர் சொல்வதும் கேட்க வேண்டுமே.

வெருலம்_பேத்தி:
திருடன் பார்க்கக்கூடாது என்று ஒட்டிய கண்ணாடியை, நடு ராத்திரியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நீங்களே இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
அடிப்பாவி.

(பத்து நிமிடம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.) சரி, அது மட்டும் இடிக்கிறது. ஆனாலும் பின்பக்கத்துக் கறுப்பை நான் எடுக்கமாட்டேன். முன் இரண்டையும் 50 ஆக்கலாமா என்று வீட்டில் கேட்கிறேன்.

கதிர்_டர்பன்:
எல்லாரும் கட்சி மாறிவிட்டீர்களே! ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. வண்டியைப் பெயர் மாற்றும்போது, ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வொர்த்தி சான்றிதழ் கட்டாயம். அப்போது யாரும் ஏன் இந்த 24-ஐப் பார்க்கவில்லை?

ஜோபர்க்_மாமா:
விற்றவர் சான்றிதழ் வாங்கிய பிறகு ஒட்டியிருக்கலாம், இல்லை, பார்த்தவர் பார்க்காமல் விட்டிருக்கலாம். சொந்தக் காருக்கு இங்கே வருடாவருடம் சோதனை கிடையாது, கை மாறும்போதுதான். நடுவில் ரோட்டில் நிறுத்தினால்தான் உண்டு. தப்பு யார் செய்தாலும் சீட்டு ஓட்டுகிறவனுக்குத்தான் தம்பி.

கதிர்_டர்பன்:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். சீட்டுக்குப் பயந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் ஒரு நாற்சந்தி ஸ்டாப்பில் நின்றேன். இடது பக்கம் ஒரு பையன் சைக்கிளோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தான். நான் ‘போ, போ’ என்று கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அவன் நகரவே இல்லை. அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, என் கை அவனுக்குத் தெரியவில்லை.

மாலையில் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி முன் இரண்டையும் உரித்துவிட்டேன். தெளிவான 100 மைக்ரான் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அதே வேகத்தில் பின்கண்ணாடியையும் பிடித்தேன். பசை போகவில்லை என்று பிளேடு போட்டேன். இப்போது பின்னால் ஆவி படிந்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளியவே மாட்டேன் என்கிறது.

பிலிம்_ஒட்டுபவன்:
ஐயோ, பிளேடா? அந்தக் காப்பி நிறக் கோடெல்லாம் ஹீட்டர் கம்பி அண்ணே, கண்ணாடிக்கு உள்பக்கம் அச்சடித்தது, ஃபிலிம் அதன் மேலேதான் உட்காரும். எத்தனை கோடு அறுந்தது?

கதிர்_டர்பன்:
மூன்று. நாலாவதும் சந்தேகம்.

பிலிம்_ஒட்டுபவன்:
ஸ்பேர்ஸ் கடையில் வெள்ளி கலந்த பெயின்ட் சின்னக் குப்பியில் கிடைக்கும். அறுந்த இடத்தின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, இடைவெளியில் மட்டும் மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். மிச்சப் பசைக்குச் சோப்புத் தண்ணீர் அடித்து, கறுப்புக் குப்பைப் பையை அளவுக்கு வெட்டி ஒட்டி, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுத் துணியால் துடையுங்கள். பிளேடை முதலில் எங்கேயாவது ஒளித்து வையுங்கள்.