ஸ்போர்ட் பேக்கேஜுக்குக் கொடுத்த காசு: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரிவாசி:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பது, இங்கே கொட்டிவிடுகிறேன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு ரசிகர் மன்றச் சண்டையாகிவிடும். ஜெர்மன் செடான், 2 லிட்டர் பெட்ரோல், இன்ஜின் ஒன்றுதான், டிரிம் இரண்டு. ஒன்று குரோமும் மர வேலைப்பாடும் வைத்த சாது மாடல், 17 அங்குல வீல். இன்னொன்று கறுப்பு கிரில், தாழ்ந்த பம்பர், 18 அங்குல வீல் போட்ட ஸ்போர்ட். ஆன்ரோடில் வித்தியாசம் சில லட்சம்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதலில் சாது மாடல். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டில் இருந்த போர்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். பிரியாணிக் கடை, பல் ஆஸ்பத்திரி, பிளாட் விற்பனை, எதையும் விடவில்லை. அடுத்து அதே ரோட்டில் ஸ்போர்ட். கொஞ்ச தூரத்தில் வாசிப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார். "என்னம்மா?" என்றேன். "எழுத்து நிக்கலப்பா" என்றார். அவ்வளவுதான். குறை என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் எடுத்தது ஸ்போர்ட்டைத்தான். ஈ.சி.ஆர். வளைவுகளில் ஸ்டீயரிங் கையில் பேசும் விதம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அம்மா இன்றைக்கும் வண்டியில் ஏறியதும் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அது உறுத்துகிறது. உங்கள் வீட்டில் எப்படி?

கோவை டயர்கடை:

வேளச்சேரி சார், அம்மாவுக்கு எழுத்து நிற்காததற்கு முதல் காரணம் டயர். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் அப்புறம்தான்.

என் கடைக்கு வந்த ஒரு கேஸ் சொல்கிறேன். மழை ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். பட்டு வேட்டி கட்டிய ஒருத்தர் கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தார். டாஷில் டயர் பிரஷர் லைட் எரிகிறதாம், காற்று மட்டும் பிடித்துக் கொடுத்தால் போதுமாம். பின்பக்க இடது டயர், 255/40 ஆர்18, ரன்ஃபிளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரகம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருக்கிறது. காட்டினேன். குனிந்து கட்டை விரலால் அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். அழுத்தினால் உள்ளே போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, வேட்டி சேற்றில் புரள்வது தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த அளவு டயர் அன்றைக்கு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. வண்டியில் ஸ்டெப்னியும் கிடையாது. சென்னையிலிருந்து டயர் வந்து சேரும் வரை வண்டி என் கடை ஓரத்தில்தான் நின்றது.

இப்போது கேட்காமலே நாலு விஷயம் சொல்கிறேன், ஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 225/50 ஆர்17 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 50 சதவீதம் பக்கச்சுவர், ரிம் 17 அங்குலம். அதாவது பக்கச்சுவர் உயரம் 112 மில்லிமீட்டர் சொச்சம். 255/40 ஆர்18 என்றால் 102. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ரோட்டுப் பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர். அது போனால் அடி ரிம்முக்கு, ரிம்மிலிருந்து உங்கள் முதுகுக்கு. அதற்கு மேல் ரன்ஃபிளாட். காற்றே இல்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். காற்று முழுசாக இருக்கும்போதும் அந்தக் கெட்டித்தனம் எங்கேயும் போய்விடாது.

அடுத்தது, நிறைய ஸ்போர்ட் மாடலில் முன்னால் 225, பின்னால் 255 என்று அகலம் வேறு வேறாக இருக்கும். சாதா வண்டி மாதிரி முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. பின் டயர் இரண்டும் சீக்கிரம் தேயும், அதுதான் விலையும் கூட. புடைப்பு வந்தால் பஞ்சர் போடுகிற கதையே இல்லை. உள்ளே நூல் அறுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் போனால் ஒரு பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதி. தனியாக டயர் ஆட்-ஆன் இருக்கிறது, ஸ்போர்ட் எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்துப் போடுங்கள். கடைசியாக, காற்றைக் காலையில் வண்டி சூடேறும் முன் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கிறது. பங்க் பையன் வாய்க்கு வந்த 35 எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

டீசல்ராசா:

டயர்கடை அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் அதை ஸ்போர்ட் பேக்கேஜ் தலையில் கட்டுவது நியாயமில்லை. சாது மாடலிலும் 18 அங்குலம் வாங்கலாம், சில நாடுகளில் ஸ்போர்ட்டையே 17-இல் வாங்கலாம். பேக்கேஜ் என்று எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

என் வண்டி பிஎம்டபிள்யூ, டீசல். பக்கவாட்டில் மூன்று வண்ணப் பட்டையோடு எம் பேட்ஜ். தாம்பரம் தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினேன். பையன் பேட்ஜைப் பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பு. "எம்-மா சார்? எக்ஸ்ட்ரா பிரீமியம்தானே?" என்று கேட்டுக்கொண்டே பெட்ரோல் குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மூடியைத் திறந்து முனையை வைக்கப் போகும் நேரத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பைக்காரர் ஹெல்மெட்டைக் கீழே விட்டுவிட்டார். மூடிக்கு உள்பக்கம் டீசல் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. "அப்புறம் எதுக்கு சார் எம்?" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் 2,000-க்குப் போடு என்றேன்.

அந்தப் பையன் கேட்டதுதான் கேள்வி. பிஎம்டபிள்யூ 1972-இல் ரேஸ் வேலைக்கென்று தொடங்கிய பிரிவின் எழுத்து அது. அங்கிருந்து பிறந்தது எம்3. அதற்குக் கீழே எம்340ஐ, 6 சிலிண்டர், 3 லிட்டர், நிஜமாகவே வேகமான வண்டி. அதற்கும் கீழே எம் ஸ்போர்ட். இன்ஜின் சாது மாடலில் உள்ளதேதான், ஒரு குதிரைத்திறன்கூட அதிகம் இல்லை. பம்பர், கதவுக்குக் கீழே ஸ்கர்ட், குரோமுக்குப் பதில் கறுப்பு, தடித்த ஸ்டீயரிங், கறுப்புக் கூரைத் துணி. மெர்சிடிஸில் ஏ.எம்.ஜி.யும் அப்படித்தான். 1967-இல் ஆஃப்ரெக்ட், மெல்ஹர் என்று இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர். ஏ.எம்.ஜி. லைன் என்று வரும்போது அது உடுப்பு. ஆடியில் எஸ் லைன் உடுப்பு, எஸ்4 நிஜ வேக வண்டி, இரண்டும் ஒன்றில்லை. சஸ்பென்ஷன் விஷயத்தில் இன்னும் குழப்பம். வெளிநாட்டில் 3 சீரிஸுக்கு எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் என்றால் 10 மில்லிமீட்டர் தாழ்வு, ஸ்பிரிங் இறுக்கம். அதே பேக்கேஜ் பெயரில் எல்லா நாட்டிலும் அதைக் கொடுப்பதில்லை. பிரோஷரில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் உடுப்பு. தப்பில்லை, நானும் உடுப்புக்குத்தான் கொடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மார்க்கம் தம்பி:

டீசல்ராசா அண்ணை, உடுப்பு மட்டும்தான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கையை விட்டுவிட்டீர்களே.

எனக்கு நெடுகாலமாக நாரி நோ, இடுப்பு வலி. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 401 நெடுஞ்சாலையில் 540 கிலோமீட்டர் போக வேண்டும். மச்சாளின் பிள்ளையின் சாமத்தியவீடு. பழைய காரில் என்றால் கிங்ஸ்ரனில் இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் நடக்கவே முடியும். இந்த முறை ஸ்போர்ட் இருக்கை. தொடைக்குக் கீழே நீட்டிக்கொள்ளலாம், இரண்டு பக்க விலாவையும் ஒரு பொத்தானால் இறுக்கிக்கொள்ளலாம். கிங்ஸ்ரனில் இறங்கினேன், கோப்பிக் கடை வாசல் வரைக்கும் நடந்துவிட்டேன். அப்போதுதான் மனுசி பின்னாலிருந்து கூப்பிட்டு, "நீங்கள் கதவைப் பிடிக்க மறந்துபோனீங்கள்" என்றா. அந்த ஒன்றுக்கே முழுக் காசும் கொடுக்கலாம்.

கூடாததையும் சொல்ல வேண்டும். கார் கோடை ரயரோடு வந்தது. 7 பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிவிடும். நவம்பரில் ஒரு விடியற்காலை வேலைக்கு வெளிக்கிட்டால் நிலத்தடித் தரிப்பிடத்தின் ஏற்றத்தில் கார் ஏறாமல் நின்ற இடத்திலேயே சில்லுச் சுற்றுகிறது. பின்னுக்கு நின்றவர் ஹோன் அடிக்கவில்லை, இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். அது இன்னும் வெட்கம். குளிர்கால ரயரும் றிம்மும் இன்னொரு செற் வாங்கினேன். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டம். பனிக்காலச் செற்றை 17 அங்குலமாக, நாலும் ஒரே அகலமாக எடுத்தேன். அது பூட்டியிருக்கும் மாதங்களில் மாமி பின்னுக்கு இருந்து நித்திரை கொள்கிறா. கோடையில் கொள்வதில்லை.

சேலம் சாரதி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். மார்க்கம் தம்பி சொன்ன சீட்டைப் பற்றி ஒன்று சொல்லணும். தம்பி, நீங்க முன்னாடி உட்கார்ந்து ஓட்டுறீங்க. எங்க முதலாளி பின்னாடி உட்கார்றவர். ஸ்போர்ட் சீட்டு, ஸ்டீயரிங் பின்னாடி கியர் மாத்துற பேடில் ஷிஃப்டர், தடிச்ச ஸ்டீயரிங் எல்லாத்துக்கும் காசு கொடுத்தவர் அவர், அனுபவிக்கிறவன் நான்.

ஒரு நாள் ஏற்காடு மலை ஏறும்போது அடிவாரத்திலேயே நிறுத்தச் சொன்னார். "நீ பின்னாடி உட்காரு, நான் ஓட்டுறேன்" என்றார். பின்சீட்டில் உட்கார எனக்குக் கூச்சம். 20 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் மெதுவாகத்தான் திரும்பினார். அடுத்ததில் பேடிலைத் தட்டி கியரைக் குறைத்தார். அப்புறம் பேச்சே இல்லை. மேலே ஏரிக்கரையில் இறங்கி, "இத்தனை நாளா நீ இதைத்தான் பண்ணிட்டு இருந்தியா?" என்று கேட்டார். என்ன சொல்வது? தலையைச் சொறிந்தேன். இறங்கும்போதும் அவர்தான் ஓட்டினார். எனக்குப் பின்சீட்டில் இரண்டு வளைவுக்கு மேல் வயிற்றைப் புரட்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்காக வண்டி என்று முதலில் பாருங்க. முதலாளி பின்னாடிதான் உட்காருவார் என்றால், நீள வீல்பேஸ் மாடல் இருந்தால் அதை எடுத்துக் கொடுங்க. கால் நீட்ட இடம் கிடைக்கும்.

பழையவண்டிப் பிரியன்:

எல்லாரும் புது வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். செகண்ட் ஹேண்டில்தான் இந்தப் பேக்கேஜுக்கு நிஜ மதிப்பு தெரியும். விளம்பரத்தில் ஸ்போர்ட் என்று இருந்தால் போன் அதிகம் வரும், விலையும் கொஞ்சம் நிற்கும். அதனாலேயே போலியும் வரும்.

போன வருஷம் பார்த்த வண்டி. வெளியே பம்பர், ஸ்கர்ட், பேட்ஜ் எல்லாம் பக்கா. உள்ளே ஏறி உட்கார்ந்து தலையைத் தூக்கினால் கூரைத் துணி சந்தன நிறம். அந்த மாடலில் ஸ்போர்ட்டுக்குக் கறுப்புதான் வரும். விற்கிறவரிடம் எதுவும் சொல்லாமல் பேட்ஜை நகத்தால் லேசாக நெம்பினேன். ஒரு மூலை கையோடு வந்துவிட்டது, கீழே டபுள் டேப். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "விலை பேசிக்கலாம் சார்" என்றார்.

சேஸிஸ் நம்பர் 17 எழுத்தையும் வாங்கி, தொழிற்சாலையில் என்ன போட்டு அனுப்பினார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் எம் ஸ்போர்ட் பேக்கேஜின் கோடு 337. பட்டியலில் அது இல்லையென்றால் பம்பர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேளுங்கள். டீசல்ராசா சார் உடுப்பு என்றார். உடுப்பென்றாலும் அசல் பம்பர் ஒரு தடவை வேகத்தடையில் உரசி உடைந்தால் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

டீசல்ராசா:

கேட்டிருக்கிறேன். அதனால்தான் எங்கள் தெரு வேகத்தடையில் குறுக்காக ஏற்றி இறக்குகிறேன், பின்னால் வருகிறவன் என்ன திட்டினாலும் சரி.

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் நன்றி. மார்க்கம் தம்பி சொன்ன 17 அங்குலம் நல்ல வழியாகத் தெரிகிறது. டயர்கடை அண்ணா, என் வண்டியில் 18-ஐக் கழற்றிவிட்டு 17 போட்டால் அம்மாவுக்குப் பரவாயில்லாமல் இருக்குமா? ஸ்போர்ட் பிரேக், டிஸ்க்கைக் கவ்வும் நீல காலிப்பர் இருக்கிறது.

கோவை டயர்கடை:

சார், நீல காலிப்பர் என்றதும்தான் யோசனை. பெரிய பிரேக்காக இருந்தால் சில 17 ரிம் உள்பக்கம் உரசும். ரிம்மை வாங்கிவிட்டு வராதீர்கள். சாது மாடலில் வரும் அசல் 17 ரிம் ஒன்றைக் கடனாக வாங்கி, டயர் இல்லாமல் வெறுமனே மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். உரசாவிட்டால் நாலு பக்கமும் 225/50. ரன்ஃபிளாட் வேண்டாம் என்றால் டிக்கியில் ஸ்டெப்னிக்கோ பஞ்சர் கிட்டுக்கோ இடம் பாருங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் வீல் மாற்றியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய 18 செட்டை விற்காதீர்கள், வண்டியை விற்கும்போது பிரியன் சார் மாதிரி ஆள் வந்து கேட்பார்.